முதல் கிராலர்: ஸ்கேலா, காம்ப்பா?

முதல் ஆர்சி ராக் கிராலர் வாங்கறவங்க எல்லாருக்கும் வர்ற குழப்பம் இது.

ஸ்கேல்னா, டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 மாதிரி, நிஜ வண்டியை 1/10 அளவுக்குச் சுருக்கினது. கண்ணாடி, விளக்கு, மேல கேரியர்னு பார்க்கவே அழகு. ஆனா அந்த அழகெல்லாம் மேல ஏறின எடை. ஈர்ப்பு மையம் உயரும். பக்கச் சரிவுல வண்டி சீக்கிரம் கவிழும்.

காம்ப்ல அழகைப் பத்திக் கவலையே இல்ல. மெல்லிய பாடி, எடை கீழேயும் முன்னாலயும் இருக்கும். செங்குத்தா ஏறும்போது எடை பின்சக்கரத்துக்குப் போயிடும், முன்சக்கரம் பிடியை விட்டுடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. போட்டியில கேட்டைத் தொட்டாலோ ரிவர்ஸ் எடுத்தாலோ புள்ளி ஏறும். குறைஞ்ச புள்ளிக்காரர்தான் ஜெயிப்பார்.

நான் ஸ்கேல் வாங்கி, அதைக் காம்ப்பா மாத்தப் போனேன். பாடியை வெட்டினேன், பாகமெல்லாம் மாத்தினேன். கடைசியில அழகும் போச்சு, போட்டிக்கும் லாயக்கில்ல. செலவு மட்டும் ரெண்டு வண்டிக்கு ஆச்சு.

அதனால, பக்கத்துல போட்டி நடக்குதா, நீங்க போவீங்களான்னு முதல்ல பாருங்க. ஆமான்னா காம்ப். இல்லன்னா கண்ணை மூடிட்டு ஸ்கேல் எடுங்க. கவிழ்ந்தா, முன்சக்கரத்துக்குள்ள கொஞ்சம் பித்தளை எடை போடுங்க. அதுக்கு மேல கத்தியைத் தொடாதீங்க!