பூக்கடை அக்கா திருத்திய கலைஞர் குறிப்பு

சென்ற பருவத்தில் புகைப்படப் பாடத்திற்காக 12 படங்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. லிட்டில் இந்தியாவின் பஃப்ளோ ரோட்டில் மாலை கட்டும் ஒரு பூக்கடையைத் தேர்ந்தெடுத்தேன். ஆறு வாரங்கள் படமெடுத்தது சிரமமாகத் தெரியவில்லை. படங்களுடன் வைக்க வேண்டிய 150 சொல் ‘ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மெண்ட்’, அதாவது கலைஞர் குறிப்புதான் என்னைத் திணறடித்தது.

எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம், எப்படி எடுத்தோம் என்று பார்வையாளருக்குச் சொல்வதே அந்தக் குறிப்பின் வேலை. நானோ நினைவு, அடையாளம், இழப்பு என்று கனமான சொற்களை ஆங்கிலத்தில் அடுக்கி, ‘நகரத்தில் மறைந்துவரும் ஒரு தொழிலின் மௌனம்’ என்று முடித்திருந்தேன். படிக்க அழகாகவே இருந்தது.

படங்களைக் காட்சிக்கு வைக்க அனுமதி கேட்டுச் சென்றபோது, “என்னம்மா எழுதியிருக்க?” என்று கடைக்கார அக்கா கேட்டார். தமிழில் சொன்னேன். பூத்தொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“மறையுதா? வெள்ளிக்கிழமை காலையில வந்து பாரு, நிக்க இடமிருக்காது. ஆள் இல்லாத நேரமா வந்து எடுத்துட்டு, கடையே ஓடலைன்னு எழுதிட்டியா?”

அவர் சொன்னது உண்மை. என் வகுப்பு பிற்பகல் 2 மணிக்கு முடியும். கடைக்கு நான் சென்றதெல்லாம் 3 மணிக்குத்தான். படங்களில் தெரிந்த வெறுமைக்குக் காரணம் என் கால அட்டவணை.

புகழ்பெற்றவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. 1936ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ படம் உலகறிந்தது. உணவு வாங்குவதற்காக அந்தக் குடும்பம் காரின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் பின்னாளில் எழுதினார். படத்திலிருந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சனின் குடும்பத்தினர் அதை மறுத்தனர். படமெடுத்தபோது லாங் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கே கடைக்குச் சென்றேன். கோயிலுக்குப் போகிறவர்கள் பூவுக்காக வரிசையில் நின்றார்கள். ஐந்து படங்களை மாற்றினேன். குறிப்பையும் இம்முறை தமிழில் எழுதிவிட்டுப் பிறகே ஆங்கிலத்தில் எழுதினேன். ‘மறைந்துவரும்’ என்ற சொல் போய், எந்தப் படத்தை எந்த நேரத்தில் எடுத்தேன் என்ற விவரம் வந்தது.

இதுபோன்ற குறிப்பை எழுதவிருக்கும் நண்பர்களுக்கு மூன்று யோசனைகள். ஒவ்வொரு வரிக்கும் எந்தப் படம் சான்று என்று கேட்டுப் பாருங்கள். சான்றில்லாத வரியை நீக்கிவிடுங்கள். எப்போது, எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். படத்தில் இருப்பவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள்.

புதிய குறிப்பைப் படித்துக் காட்டியபோதும் அக்கா ஓரிடத்தில் நிறுத்தினார். நான் மல்லிகை என்று எழுதியிருந்தது, முல்லையாம்.