விறகின் விலை ஈரத்தில் இருக்கிறது

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ 4.4 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தில் 78 சதவீதம் தண்ணீர். தூளில் 3 சதவீதம். இடையிலுள்ள 3.4 கிலோ தண்ணீரை வெளியேற்றுவதற்குத்தான் இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, ஹாலிஎல, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலைகள் விறகு எரிக்கின்றன. 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு மலைநாட்டு உலைகள் மெல்ல மெல்ல விறகுக்கு மாறின. 2005இல் கிளிரிசீடியாவை, அதாவது வடக்கில் சீமைக்கிளுவை என்று வேலிக்கு நடும் மரத்தை, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அறிவித்தது. விறகும் அன்று முதல் விளைச்சல் கணக்கில் வந்தது. அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாள் வரவு செலவு

நாளொன்றுக்கு 1,000 கிலோ தூள் செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2 கிலோ காய்ந்த விறகு என்றால் நாளுக்கு 2 தொன். 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் தரும். 2 தொன்னில் 30,000. உலை அதில் 60 சதவீதத்தைப் பயனாக்கினால் 18,000 மெகாஜூல் கிடைக்கும்.

இதே வெப்பத்தை டீசலில் எடுப்பதானால், லீற்றருக்கு 36 மெகாஜூல், எரிப்பானின் திறன் 80 சதவீதம் என்று வைத்து, 625 லீற்றர் வேண்டும்.

2022 தொடக்கத்தில் டீசல் லீற்றர் 121 ரூபாய். அந்த விலையில் நாளுக்கு 75,625 ரூபாய். அதே ஆண்டு ஜூன் இறுதியில் லீற்றர் 460 ரூபாய் ஆனது. செலவு 2,87,500 ரூபாய். ஆறே மாதத்தில் ஒரு கிலோ தூளின் எரிபொருள் செலவு 76 ரூபாயிலிருந்து 288 ரூபாய்க்கு ஏறியிருக்கும். டொலர் இல்லாமல் நாடு தவித்த அந்த மாதங்களில், தோட்டத்து எல்லையிலேயே வளரும் எரிபொருளின் மதிப்பு இந்த இடைவெளிதான்.

சூழலின் பக்கமும் வரவுதான். லீற்றர் டீசல் 2.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடும். 300 வேலை நாளில் 1,87,500 லீற்றர் தவிர்ந்தால் சுமார் 500 தொன் குறைகிறது. ஆனால், வெட்டிய இடத்தில் மரம் மறுபடி தழைத்தால்தான் இந்த வரவு நிற்கும். காட்டை வெட்டிக் கொண்டுவந்த விறகுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஈரம் தின்னும் நிலம்

பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். உலையில் போட்டால் வெட்டு முனையில் நுரை தள்ளிச் சீறும். தண்ணீரை விரட்டவே சூடு செலவாகும். கிலோவுக்குச் சுமார் 8 மெகாஜூல்தான் மிஞ்சும். 2 தொன் காய்ந்த விறகின் வேலையைச் செய்யப் பச்சையில் 3,750 கிலோ வேண்டும். எடைக்கு விலை கொடுத்தால், 1,750 கிலோ கூடுதலாக வாங்குகிறோம்.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தண்ணீரைக் கழித்துப் பார்த்தாலும், காய்ந்ததில் 1,600 கிலோ மரம், பச்சையில் 1,875 கிலோ மரம். ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 10 தொன் காய்ந்த விறகு என்று வைத்தால், முதலாவதற்கு 60 ஹெக்டேயர் போதும், இரண்டாவதற்கு 70. உலர்த்தத் தவறியதற்காகப் 10 ஹெக்டேயர் நிலம்!

ஊவாவுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. பிளந்து கூரைக்கடியில் அடுக்கிய விறகையும் அதே காற்று செலவில்லாமல் உலர்த்தும். ஒக்டோபரில் மழை தொடங்குமுன் கொட்டகை நிறைந்திருக்க வேண்டும்.

மின்சாரமா, சூடா?

பதுளை மாவட்டத்து மகியங்கனையில் டோக்கியோ சிமெந்து நிறுவனத்தின் 5 மெகாவாட் உயிர்த்திரள் மின்நிலையம் 2014இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய நிலையத்தின் திறன் 20 சதவீதம் என்று வைத்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 கிலோ விறகு. முழுச் சுமையில் நாளுக்கு 144 தொன். நாம் எடுத்த தொழிற்சாலையைப் போன்ற 72இன் தேவை அது. மின்கட்டமைப்புக்கு உள்நாட்டு மின்சாரம் அவசியம்தான். ஆனாலும் விறகு குறைவான இடத்தில், அதை நேரே சூடாக்கும் உலைக்கே முதல் பங்கு போக வேண்டும்; அங்கே பயன் மூன்று மடங்கு.

தழையின் வரவு

கிளிரிசீடியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். ஒரு தொன் பச்சைத் தழையில் சுமார் 7.5 கிலோ தழைச்சத்து; 16 கிலோ யூரியாவுக்குச் சமம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது அதன் அருமை தெரிந்தது. தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியும் ஆகும்.

எரிபொருளுக்கென்று நட்ட எல்லாப் பயிரும் கைகொடுத்ததில்லை. இந்தியாவில் 2003இல் திட்டக்குழு காட்டாமணக்கைத் தரிசுநிலத்தின் டீசல் பயிராக முன்வைத்தது. தமிழ்நாட்டிலும் பரவலாக நட்டார்கள். தண்ணீரும் உரமும் இல்லாத மண்ணில் காய் பிடிக்கவில்லை, விவசாயி நட்டப்பட்டார். கிளிரிசீடியாவுக்குக் காய்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை; தண்டே விளைச்சல்.

ஆகவே செய்யவேண்டியவை மூன்று. தேயிலையையோ மரக்கறித் தோட்டத்தையோ பிடுங்காமல், வேலியிலும் வடிகால் கரையிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் நட வேண்டும். எடைத்தராசுக்குப் பக்கத்தில் ஈரமானி வைத்து, காய்ந்த எடைக்கு விலை கொடுக்க வேண்டும். அந்த விலையில், வெட்டிச் சுமந்து பிளந்து அடுக்கும் தொழிலாளியின் கூலி தனி வரியாக எழுதப்பட வேண்டும். டீசலில் மிச்சமாகும் பணம் அவர்கள் உழைப்பில் வந்தது. அதில் பங்கு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.