படைத் தணிக்கை

ஏட்டில் எழுதப்பட்ட வீரர் தொகையும் களத்தில் நிற்கும் வீரர் தொகையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இரண்டும் வேறுபடுமாயின், அக்குறை போர்க்களத்தில் வெளிப்படும். அப்போது அதனைத் திருத்த இயலாது. இதனை உணர்ந்த அரசர்கள் தம் படைகளைத் தணிக்கை செய்யத் தலைப்பட்டனர்.

முற்காலப் படைத்தலைவர் பலர், தாம் வைத்திருந்த குதிரைகளின் எண்ணிக்கைக்கேற்ப அரசரிடம் பொருள் பெற்றனர். அவருள் சிலர் குறைந்த படையை வைத்துக்கொண்டு, கணக்கெடுக்கும் நாளில் மட்டும் இரவல் குதிரைகளையும் கூலியாட்களையும் கொணர்ந்து நிறுத்தினர். வேறு சிலர் நல்ல குதிரையைக் காட்டிவிட்டு, பின்னர் நலிந்த குதிரையை வைத்துக்கொண்டனர்.

இக்கேட்டினைக் களைய, 1296 முதல் 1316 வரை தில்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜி இரு முறைகளைக் கையாண்டார். ஒன்று, குதிரையின் உடலில் சூட்டுக்குறி இடுதல். இதற்குத் ‘தாக்’ என்று பெயர். மற்றொன்று, ஒவ்வொரு வீரனின் அங்க அடையாளங்களையும் ஏட்டில் பதிதல். பிற்காலத்தில் ஷெர்ஷாவும், அவருக்குப்பின் அக்பரும் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர். தலைவர் பலர் மனம் புழுங்கினர். அக்பருக்குப் பாலூட்டிய செவிலியின் மகனான அஜீஸ் கோக்காவே இதற்குப் பணிய மறுத்தார். உறவு கருதி அக்பர் விதியைத் தளர்த்தவில்லை. அஜீஸ் கோக்கா சிறிது காலம் தம் பதவியை இழந்தார்.

எண்ணிக்கை சரியாயிருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1777-78 குளிர்காலத்தில், வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவிலுள்ள வாலி போர்ஜ் என்னுமிடத்தில் தங்கியது. அங்கே ஏறத்தாழ 2,000 வீரர் நோயால் மாண்டனர். 1778 பிப்ரவரியில் பிரஷ்ய நாட்டினரான ஸ்டூபன் அங்கு வந்தார். ஆங்கிலம் அறியாத அவர், மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தாமே வீரர் குழு ஒன்றிற்குப் பயிற்சி அளித்தார். துப்பாக்கிகளையும் உடைகளையும் பார்வையிட்டார். சமையலிடம் பாசறையின் ஒரு புறத்திலும் கழிப்பிடம் எதிர்ப்புறத்திலும் அமையுமாறு செய்தார். அவ்வாண்டு மே மாதத்தில் தலைமைத் தணிக்கையாளராக அமர்த்தப்பட்டார். 1779-இல் அவர் இயற்றிய படைவிதி நூல், வீரரின் உடல்நலத்தைப் பேணுவதையும் அதிகாரிகளின் கடமையாக்கியது.

குதிரைக்குச் சூடிட்டுப் பொய்க்கணக்கைத் தடுத்த தணிக்கை, காலப்போக்கில் வீரனின் உயிரையும் காக்கும் பொறுப்பை ஏற்றது. அமைதிக் காலத்தில் நேர்மையாகப் பார்வையிடப்பட்ட படையே இடர்க் காலத்தில் நாட்டுக்கு உதவும்.