இடுப்பில் மறையும் எஃகு: அன்றும் இன்றும்

உடலோடு ஒட்டி மறைத்துவைக்கும் துப்பாக்கிக்கு முதல் எதிரி வியர்வை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிறிய கைத்துப்பாக்கி வாங்கியவருக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள் இருந்தன: நீல மெருகேற்றிய சாதாரண எஃகு, அல்லது நிக்கல் பூச்சு. கோடையில் சட்டைக்குள் கிடந்த நீல எஃகில் உப்பு படிந்த இடமெல்லாம் செம்புள்ளிகள் தோன்றின. நிக்கல் உரிந்தால் அடியிலிருந்த எஃகு துருவேறியது. எண்ணெய்த் துணியால் துடைத்துவைப்பது அன்றாட வேலையாக இருந்தது.

1965இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் மாடல் 60 என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. துருப்பிடிக்காத எஃகில் முறையான உற்பத்திக்கு வந்த முதல் ரிவால்வர் அதுதான். ஐந்து தோட்டாக்கள், அரை கிலோவுக்குச் சற்று அதிகமான எடை. வியர்வைக்கு அது அஞ்சவில்லை.

பிஸ்டலில் இந்த மாற்றம் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு என்ற மேல்பாகம் அடிச்சட்டத்தின்மீது உரசி ஓடுகிறது. துருப்பிடிக்காத எஃகு தன்னையொத்த எஃகோடு அழுந்தி உரசினால் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோகும். இரு பாகங்களுக்கும் வெவ்வேறு உலோகக் கலவையும் வெவ்வேறு கடினமும் கொடுக்கக் கற்ற பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. 1980களில் அலபாமாவின் காட்ஸ்டன் நகரில் தயாரான வால்தர் பிபிகே/எஸ், அந்தத் தலைமுறை விரும்பிய எஃகுப் பிஸ்டல்களுள் ஒன்று. அதன் உருவம்கூடச் சட்டத்தால் அமைந்தது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இறக்குமதி அளவுகோலுக்கு ஜெர்மனியின் பிபிகே உயரம் போதவில்லை. பிபி என்ற சற்றுப் பெரிய பிஸ்டலின் அடிச்சட்டத்தில் பிபிகேயின் ஸ்லைடைப் பொருத்தி இதை உருவாக்கினார்கள்.

அந்த பிபிகே/எஸ் ஏறத்தாழ 670 கிராம், அதன் தோட்டாக்கூட்டில் .380 அளவுத் தோட்டாக்கள் ஏழு. 2018இல் வந்த சிக் சாவர் பி365 பிஸ்டல் ஏறத்தாழ 500 கிராம். அதன் தோட்டாக்கூட்டில் அதைவிட வலிய 9 மி.மீ. தோட்டாக்கள் பத்து. முன்னதில் குழலோடு ஸ்லைடு பூட்டப்படுவதில்லை. ஸ்லைடின் கனமும் சுருள்வில்லின் இறுக்கமுமே வெடிப்பைத் தாங்கின. அதனால் ஸ்லைடைப் பின்னிழுக்க நல்ல கைவலு வேண்டியிருந்தது. பின்னதில் குழலும் ஸ்லைடும் ஒரு கணம் பூட்டிக்கொண்டு பின்னேகிப் பிறகு பிரிகின்றன. எஃகு மறைந்துவிடவில்லை. பி365இன் ஸ்லைடும், பிளாஸ்டிக் பிடிக்குள் இருக்கும் விசைத் தொகுதியின் கூடும் துருப்பிடிக்காத எஃகுதான். அன்று கண்ணுக்குப் பளபளத்தது இன்று கரும்பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ளே போயிருக்கிறது.

இலேசானதில் ஆதாயமும் உண்டு, இழப்பும் உண்டு. 2008இல் வந்த ரூகர் எல்சிபி 270 கிராமுக்கும் குறைவு. சட்டைப்பையில் வைத்தாலும் பாரம் தெரியாது. ஆனால் எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும். உதைக்கும் துப்பாக்கியை எடுத்துப் பழக மனம் வராது. முழு எஃகுப் பிஸ்டல் நாள் முழுவதும் இடுப்பை இழுக்கும். சுடும் கணத்தில் அந்தக் கனமே கையை நிலைப்படுத்தும். வால்தர் அந்தப் பழைய பிஸ்டலை ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்தில் அண்மைக் காலத்திலும் செய்ததற்கும், அதை வாங்க ஆள் இருப்பதற்கும் இது ஒரு காரணம். விசையும் மாறியிருக்கிறது. பழையதில் சுத்தியலை இறக்கிவைத்தால் முதல் தோட்டாவுக்கு நீண்டு கனத்த இழுப்பு வேண்டும். பாதுகாப்பு நெம்புகோலும் இருக்கும். புதியவற்றுள் பலவற்றில் அந்த நெம்புகோல் இல்லை; இழுப்பும் குறைவு. விசையை முழுதும் மூடும் கெட்டியான உறை அதனாலேயே இன்று துப்பாக்கியின் ஒரு பகுதிபோல் ஆகிவிட்டது.

உலோகத்தைவிட வேகமாக மாறியது சட்டம். 1980களின் நடுவில் உரிமமே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல விட்ட மாநிலம் வெர்மான்ட் ஒன்றுதான். இன்று அப்படிப்பட்ட மாநிலங்கள் 29. டெக்சஸில் 1995 வரை சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் பெறும் வழியே இல்லை. அந்த ஆண்டுச் சட்டம் வழிதிறந்தபோது குறைந்தது 10 மணி நேர வகுப்பைக் கட்டாயமாக்கியது. சுடுவதோடு, சச்சரவை வன்முறையின்றித் தீர்ப்பதும், குழந்தைகளுக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பாதுகாப்பதும் அந்த வகுப்பின் பாடங்கள். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்த, தகுதியுள்ளவர்களுக்கு உரிமமும் தேவையில்லை, வகுப்பும் தேவையில்லை. விரும்பியவர்கள் இன்றும் படித்து உரிமம் பெறலாம். தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய ஏழைப் பெண்ணுக்குக் கட்டணமும் காத்திருப்பும் இனித் தடையில்லை, இது ஆதாயம். ஆனால், ஆயுதம் எடுக்குமுன் பேசித் தீர்க்கக் கற்றுக்கொடுத்த அந்தச் சில மணி நேரம் பலருடைய வாழ்வில் நிகழாமலே போகிறது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். இருட்டுத் தெருவில் எதிர்ப்படும் அந்நியனை நினைத்து வாங்கப்படும் ஆயுதம், வீட்டுக்குள் மனமுடைந்திருக்கும் ஒருவருக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. எடை, தோட்டாக் கணக்கு, துரு என்ற பழைய கேள்விகளுக்குத் தொழிற்சாலைகள் நல்ல விடைகளைக் கண்டுவிட்டன. இடுப்பிலிருந்து கழற்றிய பிறகு அது எங்கே இருக்கும், யார் கைக்கு எட்டும் என்ற கேள்விக்கு வாங்குபவர்தான் விடை காண வேண்டும். முன்பு அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த சட்டம் இன்று பல மாநிலங்களில் விலகி நிற்கிறது. ஆகவே பூட்டுப் பெட்டியின் விலையையும் பயிற்சிக் கட்டணத்தையும் துப்பாக்கியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைப் போடாதவர், எவ்வளவு நல்ல எஃகைக் கையில் எடுத்திருந்தாலும், இன்னும் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை.