அம்பாங் முதல் பாங்கி வரை: வேலை பார்க்கும் மைக்ராஸ்கோப்

ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் மலேசியாவின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் இடம் அம்பாங் மருத்துவமனை. ரத்தவியலுக்கு நாட்டின் தேசிய மேல்சிகிச்சை மையம் அதுதான். இந்நோய்களில் ஒன்றான நாட்பட்ட மைலாய்ட் லுக்கீமியாவை உறுதிசெய்ய உலகெங்கும் கையாளப்படும் வழிகளில் ஒன்று, புள்ளிகளை எண்ணுவது.

ரத்தமோ எலும்பு மஜ்ஜையோ ஒரு சொட்டு, கண்ணாடித் துண்டில் ஏறுகிறது. இரண்டு மரபணுக்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் துணுக்குகளை அதன்மேல் விடுகிறார்கள். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. இயல்பான செல்லில் இரண்டு சிவப்பும் இரண்டு பச்சையும் தனித்தனியே தெரியும். இந்த நோய் வந்த செல்லில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கும். அதனால் சிவப்பும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரியும். நீலமாக மின்னும் செல் கருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வழக்கமாக 200 வரை எண்ணிய பிறகுதான் அறிக்கை எழுதுவார்கள். 'ஃபிஷ்' என்று லேப்களில் சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சோதனையைச் செய்வது வைட்ஃபீல்ட் மைக்ராஸ்கோப்.

பெயர் புதிதாக இருக்கலாம், ஆள் பழையவர். பள்ளி அறிவியல் கூடத்தில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்த மைக்ராஸ்கோப்பும் வைட்ஃபீல்ட் வகைதான். பார்க்கும் பரப்பு முழுவதிலும் ஒரே நேரத்தில் ஒளி விழும். முழுப் படமும் ஒரே நொடியில் கண்ணுக்கோ கேமராவுக்கோ வந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் அதிகம் பேசப்படும் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்போ லேசர் கதிரைப் புள்ளி புள்ளியாக நகர்த்திப் படத்தைக் கட்டும். பத்துமலைப் படிக்கட்டை இரவில் ஃபிளட்லைட் போட்டுப் பார்ப்பதற்கும், டார்ச் அடித்துப் படி படியாகப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஃபிளட்லைட்டில் எல்லாம் ஒரேயடியாகத் தெரியும், ஆனால் முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் கலந்து தெரியும்.

ஒளிரும் சாயங்களைப் பார்க்க இன்னொன்றும் வேண்டும். மைக்ராஸ்கோப்பின் உள்ளே ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு வடிகட்டிகள், நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. விளக்கிலிருந்து வரும் நீல ஒளியை அந்தக் கண்ணாடி மாதிரியின்மேல் திருப்பிவிடும். சாயம் பதிலுக்கு உமிழும் பச்சை ஒளியை மட்டும் தன்னூடே மேலே போகவிடும். நெதர்லாந்தின் யோகான் ப்ளூம் 1967-ல் பிரபலப்படுத்திய அமைப்பு இது. அந்தப் பெட்டியை மாற்றினால் நிறம் மாறும், அவ்வளவுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இந்தக் கருவிக்கும் உறவு நீண்டது. 1857-ல் ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குள் அனுப்பப்பட்ட 87 சீனத் தொழிலாளர்களில் ஒரு மாதத்தில் 18 பேர்தான் மிஞ்சினார்கள் என்கிறது கோலாலம்பூரின் வரலாறு. பெரும்பாலோரைக் கொண்டுபோனது காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை அப்போது யாரும் பார்த்ததில்லை. 1880-ல் அல்ஜீரியாவில் அல்ஃபோன்ஸ் லவரான் ஒரு படைவீரரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் மலேரியா ஒட்டுண்ணி முதன்முதலாக மனிதக் கண்ணுக்குப் பட்டது.

1901-ல் கிள்ளானுக்கு வந்த மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடித்து, புதர்களை வெட்டச் செய்தார். கிள்ளானிலிருந்தும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலிருந்தும் அந்த ஆண்டு மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகள் 610 பேர். 1905-ல் 23 பேர். நோயாளிகள் குறைந்ததை வைத்தே வாட்சன் திருப்தி அடைந்துவிடவில்லை. 1904 இறுதியில் குழந்தைகளின் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தார்கள். கிள்ளான் நகரில் 173 குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தையிடம் ஒட்டுண்ணி இருந்தது. வடிகால் எட்டாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் 298 பேரில் 101 பேரிடம்! தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக வந்து காய்ச்சலில் விழுந்த தமிழர்களை நினைத்தால், மைக்ராஸ்கோப் தந்த இந்த இரண்டு எண்களின் கனம் புரியும்.

அதே 1904-ல் ஹாம்பர்க்கில் குஸ்தாவ் கீம்சா, மலேரியா ஒட்டுண்ணியைப் பளிச்சென்று காட்டும் சாயக் கலவையை வெளியிட்டார். அந்தச் சாயம் மலேரியாவோடு நிற்கவில்லை. 1960-ல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாட்பட்ட மைலாய்ட் லுக்கீமியா செல்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். தொலைந்த துண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. 1973-ல் சிகாகோவின் ஜேனட் ரௌலி விடை கண்டார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்த்தவர் அவர். அம்மா காகித பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். துண்டு தொலையவில்லை, 9-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருந்தது. அவர் பயன்படுத்திய சாயங்கள் இரண்டு. ஒன்று கீம்சா. மற்றது குவினகிரின்: இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு மலேரியாவுக்காகக் கொடுத்த மாத்திரை, ஒளி பட்டால் தானும் ஒளிரும். அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாகத்தான் 2001-ல் இந்த லுக்கீமியாவுக்கான இமாடினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தனைக்கும் லேசர் தேவைப்படவில்லை.

இன்று ஓர் ஆய்வு மாணவருக்கு நல்ல ஒளிர்வு மைக்ராஸ்கோப் வேண்டுமென்றால் அவருடைய துறை அதை வாங்கித் தர வேண்டிய அவசியமில்லை. கன்ஃபோகலின் விலை பத்து லட்சம் ரிங்கிட்டை எளிதில் தாண்டிவிடும். வைட்ஃபீல்ட் அதில் ஒரு பங்குதான் என்றாலும் நல்ல கேமராவும் லென்ஸும் சேர்ந்தால் சிறிய தொகை இல்லை. அதனால்தான் பொதுக் கருவி மையங்கள். பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்கும், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்துக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. சென்னை ஐஐடியில் இந்திய அரசின் உதவியோடு இயங்கும் கருவி மையம் 1970-களில் தொடங்கிய திட்டத்தின் பிள்ளை. பொதுவாக இம்மையங்களில் நடைமுறை ஒன்றே: முதலில் பயிற்சி, பிறகு முன்பதிவு, மணிக் கணக்கில் கட்டணம்.

கருவியைவிட அதைக் காப்பவர் முக்கியம் என்பது அங்கே ஒரு வாரம் இருந்தாலே தெரிந்துவிடும். நூறு மடங்கு லென்ஸுக்கும் கண்ணாடித் துண்டுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லையேல் ஒளி சிதறி, நுணுக்கம் போய்விடும். வேலை முடிந்ததும் அவசரத்தில் ஒருவர் நாற்பது மடங்கு லென்ஸை அந்த எண்ணெய்மேல் திருப்பிவிடுவார். அது எண்ணெய் படக் கூடாத லென்ஸ். அடுத்து வருபவர் மங்கலான படத்தைப் பார்த்து, தன் செல்கள்தான் கெட்டுவிட்டன என்று நினைத்து மாதிரியைக் குப்பையில் போடுவார். நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொரு தொல்லை, லென்ஸில் பூஞ்சை. ஏர்கண்டிஷன் இரவும் பகலும் ஓடுவது மாணவருக்காக என்று நினைத்துவிடக் கூடாது.

வைட்ஃபீல்டை எப்போது விட்டுவிட வேண்டும்? மாதிரி தடிமனாக இருந்தால். ஒற்றை அடுக்காக வளர்ந்த செல்களுக்கும் ரத்தப் பூச்சுக்கும் அது போதும். எலியின் மூளைத் துண்டில் மேலும் கீழும் உள்ள ஒளி கலங்கி மூடுபனி போட்டுவிடும். அந்தக் கலங்கலைக் கணக்குப் போட்டு நீக்கும் மென்பொருள்கள் உண்டு, ஓரளவுக்கு உதவும். ஆனால் உயிருள்ள செல்களை மணிக்கணக்கில் படமெடுக்க வேண்டுமானால் வைட்ஃபீல்டே மேல். வரும் ஒளியை வீணாக்காமல் கேமரா பிடித்துக்கொள்வதால் குறைந்த ஒளி போதும், செல்களும் அவ்வளவாக வாடுவதில்லை. பத்து லட்சக் கருவியில் உட்கார்ந்தால்தான் ஆய்வு என்ற எண்ணம் மாணவர்களிடம் ஏன் வந்ததோ தெரியவில்லை.

இன்னொரு எல்லை லென்ஸில் இல்லை, ஒட்டுண்ணியின் உருவத்தில் இருக்கிறது. சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் 208 மலேரியா நோயாளிகளின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2004-ல் முடிவை வெளியிட்டனர். 120 பேரிடம் இருந்தது குரங்குகளிடமிருந்து பரவும் பிளாஸ்மோடியம் நோலெசி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை பிளாஸ்மோடியம் மலேரியே என்றே எழுதியிருந்தார்கள். இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கும். 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் இல்லை, நோலெசி மட்டும் ஆண்டுதோறும் வருகிறது. அதனால் கண்ணாடித் துண்டில் மலேரியே போல ஒன்று தெரிந்தால், இங்கே அதை நோலெசி என்றே கருதி உடனே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, ரத்தத்தைப் பிசிஆர் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.