முதலாளி ஊரில், கடை அக்கரையில்

ஒரு சிறுதொழில் எவ்வளவு உறுதியானது என்பதை அதன் நாள் விற்பனையைக் கொண்டு அளப்பதைவிட, முதலாளி ஒரு மாதம் கடைப் பக்கமே வராமலிருந்தால் அங்கு என்ன நடக்கும் என்ற கேள்வியைக் கொண்டு அளப்பதே பொருத்தமாகும். கொள்முதல் விலை, கடன்காரர் பெயர், சரக்கின் பக்குவம் ஆகிய அனைத்தும் ஒருவருடைய நினைவிலேயே தங்கியிருக்கும் கடை, அவர் நோயுற்றுப் படுத்தால் தானும் படுத்துவிடும். அவ்வாறு படுக்காமலிருக்க, யார் எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும், செய்ததை எங்கே எழுத வேண்டும், எழுதியதை யார் சரிபார்க்க வேண்டும் என்பவை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டையே தொழிலின் முறைமை என்று இங்கே குறிப்பிடலாம்.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் மிகக் கடுமையான வடிவில் எதிர்கொண்டவர்கள், செட்டியார்கள் என்றும் அழைக்கப்படும் செட்டிநாட்டு நகரத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவர்களுடைய வட்டிக்கடைகள் இரங்கூன், மௌல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் எனப் பரவியிருந்தன. முதலாளியோ பெரும்பாலும் காரைக்குடிப் பக்கத்தில் தன் ஊரிலேயே இருந்தார். பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாக 1929-30இல் அங்கு நடந்த வங்கித்துறை விசாரணை கணக்கிட்டது. அவை ஒரே பெருநிறுவனத்தின் கிளைகள் அல்ல என்பதும், ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி விலாசமும் சில ஆட்களும் மட்டுமே கொண்ட சிறிய அமைப்பு என்பதும் கவனத்திற்குரியவை. விலாசம் என்பது முகவரியைக் குறிக்கவில்லை. குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த கடைப்பெயரையே குறித்தது.

தொலைபேசி எட்டாத அக்காலத்தில், கடல் கடந்த கடையை முதலாளி தன் பிடியில் வைத்திருந்தது ஆட்களை அமர்த்திய முறையால்தான். கடையை நடத்தியவர் மேலாள், அவருக்குத் துணையாக இருந்தவர் அடுத்தாள், அவர்களுக்கும் கீழே எழுத்து வேலையும் எடுபிடி வேலையும் செய்து தொழில் பழகியவர் பெட்டியடிப் பையன் எனப் படிநிலைகள் இருந்தன. மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். அவருடைய ஊதியமும் கடமையும் 'சம்பளச் சீட்டு' என்ற ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. ஊதியத்தின் ஒரு பகுதி புறப்படுமுன்பே குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது. தவணை முடிவில் இலாபத்தைப் பொறுத்து மிகையூதியமும் கிடைத்தது. முதலாளியின் சார்பில் வழக்காடவும் பத்திரம் முடிக்கவும் அவரிடம் அதிகாரப் பத்திரம் இருந்தது. வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளும் உறவினர் கடையிலோ பிறர் கடையிலோ கீழ்ப்படியில் அமர்ந்தே தொழில் பழகினார்கள். தந்தையின் கல்லாவில் நேராகப் போய் உட்காரும் இன்றைய வாரிசுகளுக்கு இல்லாத வாய்ப்பு இது என்றே சொல்ல வேண்டும்.

ஆட்களின் நேர்மையை மட்டும் நம்பி இவ்வளவு பணத்தைக் கடல் கடந்து அனுப்பியிருக்க முடியாது. அந்த நேர்மையைத் தாங்கி நின்றது கணக்கு. அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல் முதலில் நடந்த வரிசையிலேயே நாட்குறிப்பில் ஏறியது. பிறகு ஒவ்வொரு பதிவும் அவரவர் பெயரில் அமைந்த பக்கத்திற்குப் பேரேட்டில் பெயர்த்தெழுதப்பட்டது. ஒருவருக்குப் பற்றாக எழுதப்படும் தொகை வேறொரு கணக்கில் வரவாக அமைவதால், எல்லாப் பற்றுகளையும் எல்லா வரவுகளையும் கூட்டினால் இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. இவ்வாறு கூட்டிப் பார்த்துக் கடையின் சொத்தையும் கடனையும் ஒருசேரக் காட்டும் அறிக்கைக்கு ஐந்தொகை என்று பெயர். ஊருக்குத் தவறாமல் வந்துசேர்ந்த கணக்குகளைக் கொண்டு, நேரில் காணாத கடையின் நிலையை முதலாளியால் அறிய முடிந்தது. இக்கணக்குகளைப் பிழையின்றி எழுதுவதற்கான பயிற்சி, அரைக்கால், மாகாணி, 320இல் ஒரு பங்கான முந்திரி ஆகிய பின்னங்களை மனக்கணக்காகவே போடப் பழகும் சிறுவயதிலேயே தொடங்கிவிட்டது.

இக்கணக்கில் முதலாளி போட்ட 'முதல் பணம்' தனியாகவும், பிறரிடமிருந்து வைப்பாக வந்த 'மேம்பணம்' தனியாகவும் எழுதப்பட்டன. முதலாளியே தன் கடைக்குக் கடன் கொடுத்தவர் போலப் பேரேட்டில் ஒரு பெயராக நின்றார்; தானதருமத்திற்கு ஒதுக்கிய மகமைக்கும் ஒரு கணக்கு இருந்தது. கடைப்பணமும் வீட்டுப்பணமும் கலந்துவிடாமல் காக்கும் இந்தப் பழக்கம் வீட்டிற்குள்ளும் தொடர்ந்தது: கூட்டுக்குடும்பமாக ஒரே வீட்டில் வாழ்ந்தபோதும், மணமான ஒவ்வொரு இணையும் ஒரு 'புள்ளி'யாக எண்ணப்பட்டு, வேறுவைத்தல் என்ற வழக்கப்படி தனி அடுப்பும் தனிச் செலவுத்திட்டமும் பெற்றது. இன்று மூடப்படும் சிறுகடைகள் பலவற்றில், விற்பனை குறைந்ததைவிடக் கல்லாப்பெட்டியே வீட்டுச் செலவுப் பெட்டியாகவும் இருந்ததுதான் பெரிய காரணமாக இருக்கும் என்று கருத இடமுண்டு.

செலவைக் குறைப்பதிலும் முறைமை இருந்தது. கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கூடத்தில் பல கடைகள் அடுத்தடுத்து அமைந்தன. ஒரு பாய், ஒரு கணக்குப்பெட்டி, ஒரு சாய்வுமேசை இருந்தால் அது ஒரு கடை. இரங்கூனின் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி 'நடப்பு வட்டி' எனப்பட்ட வட்டி விகிதத்தைப் பொதுவில் முடிவு செய்ததால், ஒவ்வொரு சிறுகடையும் விலையைத் தனித்தனியே தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இன்று இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்குவோருக்கு மூன்றாண்டு மேலாளோ முந்திரிக் கணக்கோ தேவையில்லை. எனினும் நாட்குறிப்பும் பேரேடும் பெயர் மாறியேனும் இருந்தாக வேண்டும். அரிசியும் உளுந்தும் எந்த அளவில், எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பது ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், வழக்கமாக அரைப்பவர் வராத நாளிலும் மாவின் பக்குவம் மாறாது. காலையில் எத்தனை பொட்டலம் போயிற்று, புளித்துத் திரும்பியவை எத்தனை, மாலையில் கல்லாவில் எண்ணிய பணம் எவ்வளவு, கைப்பேசி வழியாக வந்தது எவ்வளவு என்ற நான்கு எண்களை அன்றே எழுதி, விற்றவர் அல்லாத இன்னொருவர் ஒத்துப் பார்த்தால், தொடக்க நிலைக்கு அதுவே போதும். கணக்கு மென்பொருளை வாங்கிவிட்டாலே முறைமை வந்துவிடும் என்பது மயக்கம். யாரும் எழுதாத எண்ணை எந்த மென்பொருளும் கூட்டித் தராது.

அரசுப் பதிவுகளையும் இந்த எழுத்துப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே காணலாம். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே கட்டணமின்றிச் செய்துகொள்ள முடியும். தமிழ்நாட்டிற்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போதும், சேவை வழங்குபவருக்கு 20 இலட்சத்தைத் தாண்டும்போதும் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பொதுவாகக் கட்டாயமாகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டமோ, குறு மற்றும் சிறு உற்பத்தி, சேவை நிறுவனங்களிடம் கொள்முதல் செய்தவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும் என்றும் கூறுகிறது. ஆனால் அந்த 45 நாள் எப்போது தொடங்கியது என்பதைக் காட்ட, சரக்கைப் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் தேதியும் கொண்ட சீட்டு வேண்டும். அதை வாங்கி வைக்காதவருக்குச் சட்டத்தால் கிடைக்கும் பயன் குறைவு.

முறைமையால் ஆகாதவையும் உண்டு. பர்மாவில் செட்டியார்கள் கொடுத்த கடனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உழவர்களிடம், நெல்வயல்களை ஈடாகக் கொண்டு நின்றது. ஒவ்வோர் ஈடும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. ஆனால் எல்லா ஈடும் ஒரே பயிரின் விலையைச் சார்ந்திருந்தது. 1930இல் உலகப் பெருமந்தம் நெல்விலையை வீழ்த்தியபோது உழவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1930களின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. கடனாக வெளியே போன பணம் விற்க இயலாத வயலாகத் திரும்பியது. நிலமிழந்த பர்மிய உழவரின் சினமும் அதனோடு சேர்ந்து வந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு கடைகளைக் காலிசெய்ய வைத்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. அதன் பிறகு அந்த வயல்கள் பேரேட்டுப் பக்கங்களில் மட்டுமே செட்டியார்களுக்குச் சொந்தமாக இருந்தன.