எண்ணெய் தின்னும் நுண்ணுயிர், சேற்றில் என்ன செய்யும்?

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. ஆனால், கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆறு மணிமுக்தாவோடு சேர்கிறது. மணிமுக்தா வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலையும் மரவள்ளி அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளும் உள்ள மாவட்டத்துக்கு இதுதான் கடல்வழி.

ஆற்றுநீர் கடலில் கலந்துபோகும். அதில் வரும் நஞ்சில் ஒரு பகுதியோ களிமண் துகளில் ஒட்டி முகத்துவாரத்திலேயே படிந்துவிடும். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டி ஓடும் உப்பனாறு மாதிரி இடங்களில் கவலை தண்ணீரைப் பற்றி மட்டுமல்ல, அடிச்சேற்றைப் பற்றியும்தான். சேற்றை அள்ளினால் தண்ணீர் கலங்கும், அதைக் கொட்டிய இடம் கெடும். அதனால்தான் நஞ்சை இருந்த இடத்திலேயே சிதைக்கக்கூடிய நுண்ணுயிர்கள் மீது விஞ்ஞானிகளுக்குக் கண்.

அல்கானிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. எண்ணெய் தின்னும்படி விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி மாற்றியமைத்த பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் டெரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்சாப்பர்' பாக்டீரியாக் கலவைக்குத் தாங்கியாக இருப்பது, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையின் பொடி. கள்ளக்குறிச்சி விவசாயி அடுப்பில் போடும் அதே கட்டை!

இனிமேல்தான் சிக்கல். எண்ணெயை வேகமாகத் தின்ன இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். முகத்துவாரச் சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே அது தீர்ந்துவிடும். அதற்குக் கீழே சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள்தான். அவற்றின் வேலை ஆமை வேகம். அலாஸ்காவில் 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரையில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் தெளித்து அங்கிருந்த நுண்ணுயிர்களை ஊக்கினார்கள். மேற்பரப்பில் பலன் கிடைத்தது. காற்றுப் புகாமல் புதைந்த எண்ணெய் பல ஆண்டுகள் கழித்தும் அப்படியே கிடந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், வாளியால் அள்ளிய எண்ணெய்க் கசடைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகே நுண்ணுயிர்ச் சிகிச்சை நடந்தது.

குளோரின் கலந்த சில ரசாயனங்களுக்குக் கதை நேர்மாறு: ஆக்சிஜன் இல்லாத சேற்றில்தான் அவற்றின் குளோரினைப் பாக்டீரியா கழற்றும். உலோகமோ எதற்கும் மசியாது, உருவம்தான் மாறும். பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கி மீனுக்குள் ஏற்றிவிடுவதும் சேற்றுப் பாக்டீரியாவே. நுண்ணுயிர் என்றாலே நல்லது என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களை ஆலைத் தொட்டிக்குள்ளேயே வேலைக்கு வைத்தால் கணக்கே வேறு. ஜவ்வரிசி ஆலைகளின் மாவுக்கழிவு நீரை மூடிய தொட்டியில் விட்டால் எரிவாயு கிடைக்கிறது; ஆலையின் எரிபொருள் செலவும் குறைகிறது. ஆகவே முதல் ரூபாயை ஆலை வாசலில் செலவழியுங்கள். அரசு மானியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்டிப்பும் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.